எங்கள் வக்கீலே, வருக!

வக்கீல் சாரின் தலைக்குப் பின்னால் ஒரு புலியைப் போட்டிருந்தார்கள். புலியின் வாய் திறந்திருந்தது. வக்கீல் சாரின் வாய் இறுக மூடியிருந்தது. யாரோ அவருடைய வாட்ஸ்அப் படத்தை எடுத்துப் பெரிதாக்கியதில் கன்னமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. மேலே கொட்டை எழுத்தில், ‘நீதி காக்க வந்த எங்கள் வக்கீலே, வருக! வருக!’ என்று இருந்தது. கீழே எங்கள் தெருப் பையன்கள் அத்தனை பேரும் கறுப்புக் கண்ணாடி போட்டு வரிசையாக நின்றார்கள். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஆடித்தபசு அன்னதானத்துக்கு வைத்த பிளக்ஸுக்கும் ஒரு பெண்பிள்ளையின் சடங்கு பிளக்ஸுக்கும் நடுவில் அதைக் கட்டியிருந்தார்கள்.

பார்த்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் ஊரில் பிளக்ஸ் இல்லாமல் நல்லதும் நடக்காது, கெட்டதும் நடக்காது. அத்தானைக் கொன்றபோது இதே பையன்கள் இதே இடத்தில் இதே கறுப்புக் கண்ணாடியோடு கண்ணீர் அஞ்சலி வைத்தார்கள். மரியாதை செய்ய அவர்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

வக்கீல் சார் திருநெல்வேலி பஸ்ஸிலிருந்து இறங்கி, பையைத் தோளில் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார். தன் முகத்தைத் தானே பார்த்தார். வாயில் இருந்த கிராம்பைத் துப்பிவிட்டு, வரவேற்க நின்ற பையன்களை விட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

“இத யாரும்மா வச்சது? மொதல்ல எறக்கச் சொல்லுங்க.”

“ஆசையா வச்சுருக்கானுவ சார். போட்டும்.”

“ஆசை இருக்கட்டும்மா. நான் உங்க வக்கீல் கெடையாது.”

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. “பின்ன யாருக்கு வக்கீலு நீங்க? அவனுவளுக்கா?”

“அரசாங்கத்துக்கு,” என்றார். அவர் பாளையங்கோட்டைக்காரர். கோபம் வந்தால் குரல் உயராது, தாழ்ந்துவிடும். “உங்க அக்காவுக்கு வக்கீலா இருந்தா நான் பின்னால உக்காந்து வேடிக்கைதான் பாக்கணும். அரசாங்கத்துக்கு வக்கீலா இருக்கப்போய்த்தான் எந்திரிச்சு நின்னு கேள்வி கேக்க முடியும். இந்த வித்தியாசத்த எதிர்த்தரப்புல சும்மா விட மாட்டாங்க.”

பிளக்ஸை அன்று மத்தியானமே இறக்கினார்கள். ஆனால் காலையிலிருந்து அது அங்கே நின்றிருந்தது. போகிற வருகிறவர்கள் பாதிப் பேர் போனில் படம் பிடித்திருந்தார்கள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அக்காவும் அத்தானும் பனவடலிசத்திரத்துக்கு உள்ளே தள்ளியிருக்கிற ஓர் ஊருக்கு ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஊரில் ஒரு தெரு உண்டு. எங்கள் ஆட்கள் அந்தத் தெரு வழியாக வண்டியை உருட்டிக்கொண்டு போகலாம், ஏறிப் போகக் கூடாது. இந்தக் காலத்திலும் இப்படியா என்று கேட்பவர்கள் ஒருநாள் எங்களோடு வண்டியில் வரலாம். அத்தான் ஏறித்தான் போனார். நான்கு பேர் அடித்தார்கள். அக்கா பக்கத்தில் இருந்தாள். அத்தான் தண்ணீர் கேட்டார். அக்கா ஓடிப்போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டார்கள். அவள் திரும்பி வருவதற்குள் அத்தானுக்குத் தண்ணீர் தேவைப்படவில்லை.

அக்கா அதை முதலில் போலீசிடம் சொன்னாள். பிறகு மாஜிஸ்திரேட்டிடம் சொன்னாள். விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். ஒவ்வொரு முறை சொல்லிவிட்டு வந்ததும் அவள் ஒடுங்கிப் போவதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

இதுபோன்ற வன்கொடுமை வழக்குகளில், பாதிக்கப்பட்டவர்கள் தங்களுக்கு நம்பிக்கையான ஒரு வக்கீலின் பெயரைச் சொல்லி, அவரே அரசுத் தரப்பில் வழக்கை நடத்த வேண்டும் என்று கேட்கலாம். அப்படித்தான் பாளையங்கோட்டை வக்கீல் சார் எங்கள் வழக்குக்குச் சிறப்பு அரசு வழக்கறிஞர் ஆனார். நியமன உத்தரவை முதலில் வாங்கிப் படித்தது நான்தான். ரிஜிஸ்தர் ஆபீஸ் பக்கத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் டைப் அடிப்பது என் வேலை. நிலத்துக்கு நான்கெல்லை எழுதாமல் எங்களிடம் பத்திரம் வெளியே போகாது. ஒரு மனிதருக்கு நான்கெல்லை எழுதியிருந்ததை அந்த உத்தரவில்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். இன்ன குற்ற எண், இன்ன நீதிமன்றம், இன்ன வழக்கின் விசாரணையை நடத்துவதற்கு என்று இருந்தது. நல்ல தெளிவான உத்தரவு என்று அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். வேலி போட்ட இடத்தில்தான் ஆடு தலையை விட்டுப் பார்க்கும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

திருநெல்வேலி நீதிமன்றத்தில் அக்காதான் முதல் சாட்சி. வக்கீல் சார் அவளை அவசரப்படுத்தவில்லை. “பெறகு?” என்பார். நிற்பார். மறுபடி “பெறகு?” என்பார். குற்றவாளிக் கூண்டில் நான்கு பேரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். தண்ணீர் கேட்ட இடம் வந்ததும் அக்கா நின்றுவிட்டாள். பிறகு கதவைத் தட்டியதையும் சொன்னாள், தாழ்ப்பாளையும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, யாரும் கேட்காமலே இன்னொன்றும் சொன்னாள்.

“இந்த நாலு பேரு மட்டும் இல்லய்யா. ஒருத்தன் டிராக்டரக் குறுக்க நிறுத்துனான், நாங்க திரும்பிப் போவக் கூடாதுன்னு. இன்னொருத்தன் வண்டிச் சாவியப் புடுங்கினான். அவனுவ ரெண்டு பேரும் இங்கன இல்ல.”

போலீசிடமும் அவள் இதைச் சொல்லித்தான் இருந்தாள். குற்றப்பத்திரிகையில் அந்த இரண்டு பேர் வராமல் போய்விட்டார்கள். எப்படி வராமல் போனார்கள் என்பதற்கு ஆளாளுக்கு ஒரு கதை சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒருவன் வீட்டில் நெல் அறுவடை மெஷினே சொந்தமாக நின்றது என்பதுதான்.

அன்று வீட்டுக்கு வந்து அக்கா படுத்தவள் நெடுநாள் பேசவில்லை. விசைத்தறி ஓட்டப் போவாள், வருவாள். தறிச் சத்தத்தில் பேசாமல் இருப்பது யாருக்கும் தெரியாது. வீட்டில் தெரிந்தது. ஒரு சாயங்காலம், நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“இன்னொரு தடவ அதச் சொல்ல என்னால முடியாதுட்டி,” என்றாள். “உசுரு போயிரும்.”

“இனி யாரு கேக்கப் போறா? முடிஞ்சுது. எழுதியாச்சு, கையெழுத்தும் போட்டாச்சு. விடு,” என்றேன்.

அதை நான் முழுதாக நம்பித்தான் சொன்னேன்.

வக்கீல் சார் அந்த இரண்டு பேரையும் வழக்கில் சேர்க்கச் சொல்லி மனுப் போட்டார். நீதிமன்றம் சேர்த்தது. எங்கள் தெருவில் வெடி போட்டார்கள். வெடி மணம் அடங்குவதற்குள் அந்த இரண்டு பேரும் மதுரையில் உயர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டார்கள்.

அவர்கள் போட்ட மனுவின் நகலைப் படித்தபோது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நாங்கள் அடிக்கவே இல்லை என்று அதில் அவர்கள் வாதாடவில்லை. வக்கீல் சாரை வெளியே தள்ளுவதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. நியமன உத்தரவில் குற்றப்பத்திரிகையில் உள்ள வழக்கை நடத்தத்தான் சொல்லியிருக்கிறதாம், புது ஆட்களைச் சேர்க்கச் சொல்ல அதிகாரம் கொடுக்கவில்லையாம். அந்த நான்கு பேருக்கு ஜாமீன் கொடுக்கக் கூடாது என்று மதுரை வரைக்கும் வந்து பேசினாரே, அது எந்த உத்தரவில் இருக்கிறது என்று கேட்டிருந்தார்கள். கடைசியில் பிளக்ஸ். கலரில் பிரிண்ட் எடுத்து, புலியோடு சேர்த்து இணைத்திருந்தார்கள். அரசு வழக்கறிஞர் என்பவர் நடுநிலையாக இருக்க வேண்டியவர், ‘எங்கள் வக்கீலே’ என்று ஒரு தரப்பு பேனர் கட்டி அழைக்கிற ஆள் அந்த நாற்காலியில் உட்காரத் தகுதியில்லாதவர், ஆகையால் அவர் பதியவைத்த சாட்சியம் எதுவும் செல்லாது, வழக்கமான அரசு வழக்கறிஞரை வைத்து முதலிலிருந்து விசாரிக்க வேண்டும் என்று முடித்திருந்தார்கள்.

முதலிலிருந்து என்றால் முதல் சாட்சியிலிருந்து. அக்காவிலிருந்து. அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

உயர் நீதிமன்றம் வழக்கு விசாரணைக்கு இடைக்காலத் தடை போட்டது. நல்ல தீர்ப்போ கெட்ட தீர்ப்போ வந்துவிட்டால் மனிதன் அதை வைத்துக்கொண்டு அழலாம், சண்டை போடலாம். தடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆபீசில் கிரையப் பத்திரம் அடிக்கும்போது, விற்பவர் பெயர் வர வேண்டிய இடத்தில் வாங்குபவர் பெயரை அடித்து ஏச்சு வாங்கினேன். வெந்நீர் போட்டுவிட்டு மறந்து, சட்டி கருகியது. உயர் நீதிமன்றத்தில் மறுநாள் என்னென்ன வழக்கு வருகிறது என்று போனிலேயே பார்க்கலாம். நான் அதைப் பார்த்துப் பார்த்து, சாப்பிடும்போது பார்த்து, பஸ்ஸில் பார்த்து, கோயிலில் கோமதி அம்மன் சன்னதியில் வரிசையில் நிற்கும்போதும் பார்த்து, பின்னால் நின்ற அம்மாவிடம், “சாமியப் பாரும்மா, போனு எங்கயும் ஓடிராது” என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பிளக்ஸ் வைத்த பையன்கள் மேல் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அதில் ஒருவன், எங்கள் தெருவில் செல்போன் கடை வைத்திருப்பவன், என்னைப் பார்த்ததும் கடைக்குள் குனிந்துகொள்வான். ஒருநாள் விடாமல் கடை வாசலில் நின்றேன்.

“ஒனக்குப் புலிதான் கெடச்சுதோ?” என்றேன்.

“மதினி, சிங்கம்தான் சொன்னேன். கடக்காரன் கிட்ட புலிதான் இருந்துச்சு.”

அடிக்கலாமா சிரிக்கலாமா என்று தெரியவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது. அத்தானும் அவனும் ஒரே தட்டில் பரோட்டா தின்றவர்கள். திரும்பி வந்துவிட்டேன்.

அக்கா ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் என்னை இன்னும் கிளப்பியது. “யக்கா, மதுரையில நாளைக்குக் கேஸு வருது” என்றால் “சரிட்டி” என்பாள். “ஒத்திப் போட்டாச்சு” என்றாலும் அதே “சரிட்டி”தான். வக்கீல் சாருக்கு நான் போன் பண்ணிப் பண்ணி, அவர் ஒருநாள் சொன்னார்: “இதுல நான் ஒண்ணும் பேச முடியாதும்மா. என் அதிகாரமே கேள்வியில இருக்கு. எனக்கு நானே எப்படி வாதாட? அரசாங்கம் பாத்துக்கிடும்.”

“அரசாங்கம் அவகாசம்லா கேட்டுக்கிட்டே இருக்கு!”

“அரசாங்கம்னா அப்படித்தாம்மா,” என்று போனை வைத்துவிட்டார்.

மதுரைக்கு நானும் அக்காவும் காலை ரயிலில் போவோம். அங்கிருந்து மேலூர் ரோட்டில் பஸ் பிடித்து நீதிமன்றம். வாசலில் சோதனை, பிறகு பெரிய பெரிய வராந்தாக்கள், கறுப்புக் கோட்டுகள். எங்கள் வழக்கின் எண் பலகையில் வருவதற்காகக் காத்திருப்போம். வந்ததும் யாராவது எழுந்து ஒரு வாக்கியம் சொல்வார்கள், நீதிபதி தலையாட்டுவார், முடிந்துவிடும். அந்த ஒரு வாக்கியத்துக்கு ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்த அக்கா எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, “போவமா?” என்பாள். நான் வழியெல்லாம் பொருமிக்கொண்டு வருவேன். அவள் ரயில் ஜன்னலில் தலைசாய்த்துத் தூங்கிவிடுவாள். சொல்ல வேண்டியவள் தூங்குகிறாள், நான் மட்டும் கண்ணை மூடாமல் வருகிறேன் என்று கோபமாக வரும்.

கடைசியில் ஒருநாள் வழக்கு முழுதாக எடுக்கப்பட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் நல்ல பேச்சாளர். ஆங்கிலத்தில் பேசினார். எனக்குப் பாதி புரிந்தது, மீதியைக் கையசைவில் புரிந்துகொண்டேன். அவர் கையில் புலி இருந்தது. பிரிண்டை உயர்த்திக் காட்டி, ‘எங்கள்’ என்ற சொல்லை மட்டும் தமிழில் சொன்னார். நீதிபதி அதை வாங்கிப் பார்த்தார். அவருடைய உதடு லேசாகக் கோணியது. சிரிப்பா, கோபமா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் என் கைப்பை வாரை முறுக்கி முறுக்கி, அது அறுந்தேவிட்டது.

அரசுத் தரப்பில் பேசியவர் ஒரு வக்கீலம்மா. அதுவரை அவகாசம் மட்டுமே கேட்டிருந்தவர், அன்று எழுந்து நின்றதும் வேறு ஆளாக இருந்தார். பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாகப் பேசினார்.

“நம்ம ஊர்ல கலெக்டர் வந்தாலும் ‘எங்கள் கலெக்டரே வருக’ன்னு வைப்பாங்க. எம்.எல்.ஏ.வுக்கு, இன்ஸ்பெக்டருக்கு, ரிட்டயர் ஆகுற வாத்தியாருக்கு, எல்லாருக்கும் வைப்பாங்க. படத்துல இருக்கிறவர் கட்டினவரோட ஆள்னு எடுத்துக்கிட்டா, தமிழ்நாட்டுல யாருமே ஒரு பதவியில உக்கார முடியாது. இவர் அதப் பாத்த ஒடனே எறக்கச் சொல்லியிருக்கார். அதுக்கும் சாட்சி இருக்கு.”

வழக்கை நடத்துவது என்றால் அதில் எழும் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் நடத்துவது, சாட்சி நீதிமன்றத்தில் இரண்டு பேரை அடையாளம் சொன்ன பிறகு அரசு வழக்கறிஞர் வாயை மூடிக்கொண்டு நின்றால்தான் அவர் கடமையை மீறியவர் ஆவார் என்று முடித்தார். எனக்கு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பயத்தில் செய்யவில்லை. அதையும் யாராவது படம் பிடித்து மனுவில் சேர்த்தால்?

தீர்ப்பை ஒத்திவைத்தார்கள். மறுபடியும் போன், மறுபடியும் பட்டியல். தீர்ப்பு வந்த அன்று நான் ஆபீசில் இருந்தேன். வக்கீல் சாரே கூப்பிட்டார். அவருடைய நியமனம் செல்லும். ஆட்களைச் சேர்க்கக் கேட்டதும் அவர் அதிகாரத்துக்கு உட்பட்டதுதான். உயர் நீதிமன்றத்தில் மட்டும் அவர் தனியாகப் பேச முடியாது, அங்குள்ள அரசு வழக்கறிஞருக்கு உதவியாகத்தான் நிற்க முடியும். பிளக்ஸைப் பற்றி, இப்படிப்பட்ட ஆர்வக்கோளாறுகளைத் தவிர்ப்பது நல்லது என்று ஒரே ஒரு வரி. தடை நீங்கியது.

நான் எழுந்து நின்று கத்தினேன். பத்திர எழுத்தர் அண்ணாச்சி பேனாவைக் கீழே போட்டுவிட்டார்.

“அப்போ அக்கா மறுபடி சொல்ல வேண்டியதில்ல!” என்றேன்.



“சொல்லணும்மா,” என்றார் வக்கீல் சார்.

“என்ன சார் சொல்லுதீய? நாமல்லா ஜெயிச்சுருக்கோம்?”

“ஜெயிச்சதுனாலதான். புதுசா ஒரு ஆள வழக்குல சேத்தா, அவன் மட்டுக்கும் விசாரணை மொதல்ல இருந்து தொடங்கணும். சாட்சி அவன் முன்னால திரும்பச் சொல்லணும், அவன் வக்கீல் குறுக்கு விசாரணை பண்ணணும். சட்டம் அதுதான். அவன் இல்லாதப்போ சொன்னத வச்சு அவனத் தண்டிக்க முடியாதுல்ல?”

தோற்றால் திரும்பச் சொல்ல வேண்டும் என்று அத்தனை நாளும் பயந்து செத்தேன். ஜெயித்தாலும் சொல்ல வேண்டும் என்று ஒருத்தரும் சொல்லவில்லையே. வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். உங்களுக்கு வழக்கு பெரிசு, அக்கா பெரிசில்லை என்றேன். அந்த இரண்டு பேரும் எக்கேடும் கெட்டுப் போகட்டும், நான்கு பேரோடு முடித்திருக்கலாமே என்றேன். எதற்கு மனுப் போட்டீர்கள், யாரைக் கேட்டுப் போட்டீர்கள் என்றேன்.

“உங்க அக்காவக் கேட்டுத்தான்,” என்றார். “மனுப் போடுறதுக்கு முன்னாலயே சொன்னேன். சேத்தா நீங்க திரும்ப ஏறணும்னு. யோசிச்சுச் சொல்லுங்கன்னேன். அவங்க யோசிக்கவே இல்ல. போடுங்கன்னுட்டாங்க.”

அண்ணாச்சியிடம் சொல்லாமல்கூட வெளியே வந்துவிட்டேன். அக்கா தறி ஓட்டும் கொட்டகை என் ஆபீசிலிருந்து கூப்பிடு தூரம். சத்தம் தெருவுக்கே கேட்கும். வாசலில் நின்று கையாட்டினேன். பக்கத்துத் தறிக்காரியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். கண்ணிமையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

“ஒனக்குத் தெரியுமாக்கா?” என்றேன்.

என்ன என்று அவள் கேட்கவில்லை. “தெரியும்ட்டி.”

“உசுரு போயிரும்ன்னியே! என்னால முடியாதுன்னியே!”

“ஆமா. சொன்னேன்.”

“பெறகு என்னத்துக்குச் சரின்னு சொன்ன? எங்கிட்ட ஏன் சொல்லல?”

“ஒங்கிட்டச் சொன்னா நீ விடுவியா? வக்கீல் சாரு வீட்டு வாசல்ல போயி உக்காந்துருவ.” அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “நூலு அந்துருக்கும். நா போறேன்.”

உள்ளே போய்விட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. யாருக்காக நான் இத்தனை நாளாகத் தவித்தேன்? அன்றிலிருந்து விசாரணை நாள் வரைக்கும் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டோம். அவள் அதே அமைதியோடு தறிக்குப் போய்வந்தாள். நான் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். அவள் கூண்டில் ஏறி மயங்கி விழுவதை எத்தனை விதமாகக் கற்பனை செய்ய முடியுமோ அத்தனை விதமாகவும் செய்து பார்த்தேன்.

விசாரணை அன்று திருநெல்வேலி நீதிமன்றத்தில் கூட்டம் அதிகம். இந்த முறை குற்றவாளிக் கூண்டில் ஆறு பேர். புதிதாக வந்த இரண்டு பேரையும் நான் அன்றுதான் நேரில் பார்த்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. பார்ப்பதற்கு எங்கள் ஆபீசுக்குப் பத்திரம் போட வருகிறவர்களைப் போலத்தான் இருந்தார்கள். ஒருவன் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மற்றவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். இங்கே நடப்பதற்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லாததைப் போல நின்றார்கள்.

அக்கா சாட்சிக் கூண்டில் ஏறினாள். உறுதிமொழி எடுத்தாள். அவள் கை கூண்டுக் கம்பியைப் பிடித்திருந்தது. வக்கீல் சார் எழுந்தார்.

“அன்னைக்கு என்ன நடந்ததுன்னு சொல்லுங்க.”

அக்கா பேசவில்லை. போச்சு, இவளால் முடியாது என்று பாதி எழுந்துவிட்டேன். வக்கீல் சார் காத்திருந்தார். நீதிபதியும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“முடியலன்னா உக்காந்துகிட்டே சொல்லலாம்மா,” என்றார் நீதிபதி.

“முடியும்யா,” என்றாள் அக்கா. “அவங்க ரெண்டு பேரையும் இங்கன பாக்கச் சொல்லுங்க. போன தடவ நா சொன்னப்போ நாலு பேருதான் கேட்டாங்க. இவங்க கேக்கல.”

எதிர்த்தரப்பு வக்கீல் ஏதோ சொல்ல எழுந்தார். நீதிபதி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, குற்றவாளிக் கூண்டைப் பார்த்து, “சாட்சி சொல்றதக் கவனிங்க” என்றார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் திரும்பினான். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவனும் மெல்லத் திரும்பினான். அக்கா அவர்கள் இரண்டு பேர் முகத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.